எந்த விளை என்று கேட்ட தங்கநேசம் அக்கா

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது நோயாளிகளின் மணிக்கட்டில் பட்டை கட்டுகிறார்கள். அதில் வரிவரியாகக் கறுப்புக் கோடுகள். நர்ஸ் பிள்ளைகள் கையில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. அதைப் பட்டையின் மேல் காட்டினால் ‘கீக்’ என்று ஒரு சத்தம், ஆளின் பேர், வயது, வியாதி, எந்த ஊசி, எத்தனை மணிக்கு என்று எல்லாம் திரையில் வந்துவிடும். கருங்கல் ஊரில் உள்ள சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட்டுக்குச் செய்கிற அதே வேலைதான்.

அங்கே ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் ஷைனி போன வாரம் அந்தப் பட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல் செய்தி: “மேடம், நாங்க நர்ஸஸ் டேக்கு ஒரு மலர் போடுகோம். தங்கநேசம் சிஸ்டரப் பத்தி நீங்க ரெண்டு பக்கம் எழுதித் தரணும். மாட்டேன்னு சொல்லப்பிடாது.”

தங்கநேசம் அக்கா இறந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆளா அவள்? அவள் சாயா குடிக்கிற விதத்தை எழுதவே ஒரு பக்கம் வேண்டும். இருந்தாலும் பிள்ளை கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். நீளமாகப் போனால் அவளே வெட்டிக்கொள்ளட்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வருடம். போர்வையின் மூலையை மடிக்கக் கற்றுக்கொண்டேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன், ஹாஸ்டல் வார்டனிடம் முகம் மாறாமல் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். வேலை கிடைத்தது மேற்கே. எனக்கு ஊர் அஞ்சுகிராமம், மாவட்டத்தின் கிழக்கு மூலை. அய்யாவழிக் குடும்பம். முதல் நாள் நெற்றியில் நாமம், தலையில் கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைத் தொப்பி, நெஞ்சுக்குள் படபடப்பு, இந்த மூன்றோடும் பெண்கள் சர்ஜிகல் வார்டுக்குள் போய் நின்றேன்.

உள்ளே குட்டையாக, உருண்டையாக ஒரு சிஸ்டர் ஒரு கையில் சாயா கிளாசும் மறுகையில் ஒரு கட்டு கேஸ் ஷீட்டுமாக நின்றுகொண்டிருந்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“நாமம் கொள்ளாம், நல்லா இருக்கு. தொப்பிய கொறச்சு மேல ஏத்தி வையி, மறைக்குது. எந்த ஊரு மக்கா?”

“அஞ்சுகிராமம்க்கா.”

“அஞ்சுகிராமத்துல எந்த விளை?”

“விளையா? எங்க ஊர்ல தெருதாங்க்கா உண்டு. கீழத்தெரு.”

“எனக்க கர்த்தாவே! விளையில்லாம எப்பிடிட்டி ஆளு இருப்பாவ?” என்றாள், எனக்கு வீடே இல்லை என்று கேள்விப்பட்டவள் மாதிரி.

மேற்குத் தாலுகாக்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே தென்னையும் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் நிற்கிற ஒவ்வொரு தோட்டத்துண்டுக்கும் ஒரு பேர் உண்டு. பிலாவிளை, புளியடிவிளை, மாவிளை என்று. நடுவில் இருக்கிற வீட்டுக்கும் அதே பேர், வீட்டு ஆட்களைச் சொல்வதும் அந்தப் பேரை வைத்துத்தான். பேருக்கு அங்கே பஞ்சம். ஒரே கிராமத்தில் பத்து ரெத்தினபாய் இருப்பார்கள். ஆனால் ஒரு விளையில் ஒரு ரெத்தினபாய்தான் இருப்பாள்.

அதனால் தங்கநேசம் அக்கா யாரையும் வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தொட மாட்டாள். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால்கூட ஒரு விசாரணை நடக்கும். பேரை நாம் சொல்லக்கூடாது, அவர்களைச் சொல்லவைக்க வேண்டும். பிறகு புருஷன் பேர். பிறகு எந்த விளை. சந்தேகம் என்றால், விளையில் கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வரை போவாள். கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் பென்சிலால் விளையின் பேரை எழுதிவைப்பாள். ரத்தம், சிறுநீர் எது பரிசோதனைக்குப் போனாலும் குப்பியில் ஒட்டுகிற பிளாஸ்திரியிலும் கூடப் போகிற தாளிலும் விளை இருக்க வேண்டும், அதையும் கட்டிலின் பக்கத்தில் நின்றே எழுத வேண்டும். மேசைக்கு வந்து எழுதினால் கையில் ஒரு அடி விழும். நான் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் பெரிய டாக்டருக்கு இது கட்டோடு பிடிக்காது. மதுரைப் பக்கத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைப்பார். கோபம் கூடக்கூடத் துடைப்பும் கூடும். எங்களுக்கெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம், கண்ணாடியைப் பார்த்தால் போதும். அக்காவின் பென்சில் எழுத்தைப் பார்த்தால் மட்டும், “என்ன சிஸ்டர், லெட்டர் குடுக்கப் போறீங்களா?” என்று கேட்பார். அவளுக்கு ‘போஸ்ட்மாஸ்டர்’ என்று பேர் வைத்ததும் அவர்தான்.

அவளுக்கா உறைக்கும்? ஒருதடவை கீரிப்பாறைக்குத் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது எஸ்டேட் பஸ்ஸில் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு அம்மா ஏறினாள். பால்வெட்டும் கத்தி உள்ளங்கையைக் கீறி, மேலே ரப்பர் பாலையே பூசி மூடியிருந்தாள். அக்கா ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், பஸ் தானாக நின்றது. “இது கையா, டயரா? ஒட்டுப் போட்டு வச்சிருக்கியளே!” அவளைப் படிக்கட்டில் உட்காரவைத்து, டிரைவரிடம் பஞ்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். பாலை உரித்ததும் ரத்தம் வந்தது. டிரைவர் அண்ணன் பஞ்சோடு சாய்ந்துவிட்டார். அப்புறம் ஒருத்திக்குக் கட்டு, ஒருத்தருக்கு முகத்தில் தண்ணீர். அவர் கண்ணைத் திறந்ததும் அக்கா கேட்டது என்ன தெரியுமா? “அண்ணே, எந்த விளை? ரிஜிஸ்டர்ல எழுதணும்லா.” பஸ்ஸே சிரித்தது. எஸ்டேட் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நானும்தான் சிரித்தேன். இந்த விளை விசாரணை அக்காவின் ஒரு கிறுக்கு என்றே நினைத்திருந்தேன். அவள் பார்க்கும்போது கேட்பேன், பார்க்காதபோது விட்டுவிடுவேன். கேட்டால் மேற்கத்திக்காரர்கள் விளையோடு நிறுத்துவார்களா? விளையில் நடக்கிற வழக்கு வரைக்கும் சொல்வார்கள். யாருக்கு நேரம் இருக்கிறது?

நான் சேர்ந்து ஏழு மாதம் ஆன சமயம். இரண்டு வருடம் குறையில்லாமல் கழிந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்குள் ஒரு புகார் எழுந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அப்பா பக்கவாதம் வந்து கடையை மூடிவிட்டுப் படுத்திருந்தார். தங்கைகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுத்த மாதம் என்பதே இல்லை.

பதினோராம் கட்டிலில் ரெத்தினபாய், கணவர் பேர் தங்கையன். கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் ரத்தம் போய் நகமெல்லாம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆப்பரேஷன், அதற்கு முன் ரத்தம் ஏற்ற வேண்டும். காலையில் சாம்பிள் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ஷீட்டைப் பார்த்தேன். சாயாவுக்கு மணி அடித்துவிட்டது.

“ரெத்தினபாய்தானே?”

“ஓ, ரெத்தினபாய்தான்.”

கையில் ரப்பர் குழாயைக் கட்டி, ஊசி குத்தி எடுத்தேன். கட்டும்போது வளையலைக் கீழே தள்ளியது நினைவிருக்கிறது. மேசைக்கு வந்து பேர், கணவர் பேர், கட்டில் எண், ஐ.பி. நம்பர் எல்லாம் எழுதி ஒட்டினேன். அட்டெண்டர் குப்பியை வாங்கிக்கொண்டு நாகர்கோவில் ரத்த வங்கிக்குப் போனார். நான் சாயா குடிக்கப் போனேன்.

பன்னிரண்டரைக்கு ரத்தப் பை வந்தது. ரத்தம் ஏற்றும்போது இரண்டு நர்சுகள் நிற்க வேண்டும், ஒருத்தி பையில் உள்ளதை வாசிக்க, மற்றவள் தாளில் உள்ளதை வாசிக்க. நான் பை, அக்கா தாள். பேர் சரி. கணவர் பேர் சரி. நம்பர் சரி. குரூப் சரி. பை எண் சரி. பெரிய டாக்டர் பக்கத்தில் வந்து நின்று மணியைப் பார்த்தார். நான் குழாயை மாட்டப் போனேன்.

“நில்லு,” என்றாள் அக்கா. “தாளுல விளை எங்கட்டி?”

நான் எட்டித் தாளைப் பார்த்தேன்.

“நீ கேக்கல்லியா?”

“மறந்துட்டேங்க்கா.”

அவள் என்னைத் திட்டவில்லை. நோயாளியின் பக்கம் திரும்பினாள். “அம்மா, காலம்பற ஒங்களுக்கு ரத்தம் எடுத்த கை எது?”

அந்த அம்மா இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தாள். “எனக்க கையில ஆரும் எடுக்கல்லியே சிஸ்டரே.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “சிஸ்டர், பேஷண்ட் அரை மயக்கத்துல இருக்காங்க. ரெண்டு கையிலயும் டிரிப்ஸ் போட்ட தழும்பு வேற. நம்பர் சரி, குரூப் சரி. உங்க வெளை இல்லன்னா ரத்தம் ஏறாதா?”

“ஏறும் சார்,” என்றாள் அக்கா. “ஏறினத எறக்க முடியாதுல்லா.”

கண்ணாடித் துடைப்பு வேகமானது. அவர் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. இவங்க கையிலதானே எடுத்தீங்க?”

‘ஆமா சார்’ என்று இரண்டு சொல். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே விஷயம் முடிந்திருக்கும். தாள் என் பக்கம், டாக்டர் என் பக்கம். காலையில் நான் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்தேன். என் கண் அந்த அம்மாவின் மணிக்கட்டுக்குப் போனது. வளையல் இல்லை. நான் காலையில் தள்ளியது பச்சைக் கண்ணாடி வளையல். ஆப்பரேஷனுக்காகக் கழற்றியிருப்பார்கள், அப்படித்தான் செய்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படுத்துக் கிடக்கிற அப்பா முகம் வந்தது. தங்கைகள் முகம் வந்தது. தலையை ஆட்டிவிடத்தான் போனேன். அதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா என் தோளில் கையை வைத்தாள். “வெப்ராளப்படாத மக்கா, பதறாத. தெரியும்னா தெரியும்னு சொல்லு. தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லு. ஒண்ணும் குடி முங்கிப்போவாது.”

“தெரியல சார்,” என்றேன். “நான் எடுத்த கையில பச்ச வளையல் கெடந்துது.”

“பச்ச வளையலா?” என்று ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல். “அது நானாக்கும்!”

பதினெட்டாம் கட்டிலில், காலில் கட்டோடு, ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்த ஒருத்தி கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு நிறையப் பச்சை வளையல். முழங்கை மடிப்பில் நான் ஒட்டிய பஞ்சு.

அவளும் ரெத்தினபாய். அவள் புருஷனும் தங்கையன். ஒரே ஊர். பதினோராம் கட்டில்காரி பிலாவிளை, பச்சை வளையல்காரி புளியடிவிளை. காலையில் பிலாவிளைக்காரியின் குழந்தையை யாரோ வெளியே கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வார்டுக்குள் குழந்தைகளை விட மாட்டோம். ஆப்பரேஷனுக்கு முன்னால் பிள்ளையை ஒருதடவை பார்த்துவிடலாம் என்று அவள் மெல்ல எழுந்து ஜன்னல் பக்கம் போயிருக்கிறாள். புளியடிவிளைக்காரி, சும்மா கிடக்கிற கட்டில்தானே, மேலே ஃபேன் வேறு ஓடுகிறது, கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று பதினொன்றில் வந்து படுத்திருக்கிறாள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் ஊசியோடு போயிருக்கிறேன்.

“காலுல கட்டிக்கு வந்த ஆளுகிட்ட ரத்தம் எதுக்கு எடுக்காவன்னு நீங்க கேக்கப்பிடாதா?” என்றாள் அக்கா.

“கவர்மெண்டு ஆஸ்பத்திரியில்லா சிஸ்டரே? குத்துகதுன்னா குத்தட்டும்னு இருந்தேன்!”

வார்டு முழுக்கச் சிரிப்பு. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் மட்டும் ரத்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். பை இன்னும் சில்லென்று இருந்தது.

புதிதாகச் சாம்பிள் எடுத்து, கட்டிலருகே நின்றே எழுதி, அக்கா தானே ஒருதடவை வாசித்துப் பார்த்து அனுப்பினாள். சாயங்காலம் பதில் வந்தது. திருப்பி அனுப்பிய பை பி பாசிட்டிவ். பிலாவிளை ரெத்தினபாய் ஓ பாசிட்டிவ். அது என்ன செய்திருக்கும் என்று நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்: ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டுப் போன அந்தக் குழந்தைக்கு அம்மா இருந்திருக்க மாட்டாள்.

அன்றைக்கே அக்கா ரிப்போர்ட் புத்தகத்தை என் முன்னால் போட்டாள். “எழுது. நேரே சொவ்வே எழுது. மறந்துட்டேன்னு எழுதாத, கேக்கல்லன்னு எழுது.” எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. நான் முடித்ததும் அவள் பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி எழுதினாள்: ‘புதிய நர்ஸ் கேட்காமல் விடுவது எனக்குத் தெரிந்திருந்தது. கண்டிப்பாக நிறுத்தாதது என் தவறு.’ கையெழுத்து, தேதி.

நான் கேட்காமல் விடுவது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த ஒரு வரியால் மெமோ எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது. என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை, அனுப்பினால் அத்தனை வருட சர்வீஸ் உள்ள அவளையும் அனுப்ப வேண்டிவரும். எச்சரிக்கையோடு விட்டார்கள். நான் நன்றி சொல்லப் போனபோது, “போ ட்டி அங்க. சாயா ஆறுகு,” என்றாள்.

டாக்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த மாதிரி மனுஷர் இல்லை. ஆனால் மறுநாள் ரவுண்ட்ஸில் முதல் கட்டிலில் நின்று ஷீட்டைப் பார்த்து, தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டார்: “எந்த வெளைம்மா?” அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முப்பது கட்டிலையும் எப்படித்தான் சுற்றி வந்தோமோ. பிலாவிளை ரெத்தினபாய் நல்லபடியாக ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனாள். இரண்டு மாதம் கழித்து இரண்டு ரெத்தினபாயும் சேர்ந்து ஒரு வருக்கைச் சக்கையை, முழுப் பலாப்பழத்தை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். டூட்டி ரூமில் வைத்து வெட்டியதில் மூன்று நாள் வார்டே மணத்தது.

அப்புறம் எத்தனையோ வார்டு, எத்தனையோ டாக்டர். நான் மேடம் ஆனேன், ஓய்வும் பெற்றேன். அக்கா எனக்கு முன்பே ஓய்வு பெற்று மாவிளையில் கோழி வளர்த்தாள். கோழிகளுக்கும் பேர் வைத்திருந்தாள், ஒன்றுக்கு ‘பெரிய டாக்டர்’.

போன வருடக் கடைசியில் மூச்சுமுட்டலோடு எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலேயே வந்து படுத்தாள். நான் பார்க்கப் போயிருந்தபோது ஷைனி ஊசியோடு வந்தாள். ஒன்றும் பேசாமல் மெஷினை நீட்டினாள். ‘கீக்’. அக்கா சட்டென்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“பாட்டி, கைய நீட்டுங்க.”

“நான் ஆரு?”

“அதான் ஸ்கேன் பண்ணிட்டேனே பாட்டி.”

“பட்டைய அது படிச்சுது. ஆளு ஆருன்னு நீ படிச்சியா? பட்டைய மாத்திக் கெட்டியிருந்தா?”

ஷைனி என்னைப் பார்த்தாள். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். பாவம், அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. மெஷினைக் கட்டிலில் வைத்துவிட்டு, “ஒங்க பேரு என்ன?” என்று கேட்டாள். தங்கநேசம். வீட்டுக்காரர் பேரு? சொன்னாள். அதோடு முடிந்தது என்று ஷைனி ஊசியை எடுக்க, அக்கா கையை நீட்டவே இல்லை.

“எந்த விளைன்னு கேளு மோளே.”

கேட்டாள். “மாவிளை,” என்று மூச்சை இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு, பெரிய மகாராணி மாதிரி கையை நீட்டினாள். உடம்பு அந்தப் பாடு படும்போதும் குறும்பு போகவில்லை.

பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை தோறும் போனில் பேசினோம். கோழிகளைப் பற்றித்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஷைனி கூப்பிட்டாள். “மேடம், தங்கநேசம் சிஸ்டர் மரிச்சுப் போனாவ.”

எங்கள் துறையில் எனக்குத் தெரிந்து மூன்று தங்கநேசம். ஒருத்தி தக்கலையில் என்னோடு இருந்தாள், நல்லவள். இன்னொருத்தி எனக்கு வெறும் முகப்பழக்கம். அந்த நிமிடம் அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக இருந்துவிடக் கூடாதா என்று நான் நினைத்தேன். அவர்களுக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. பாவம்தான். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

“எந்த விளைம்மா?” என்று கேட்டேன்.

“மாவிளை, மேடம். வாட்ஸ்ஆப் குரூப்புல வெறும் பேரு மட்டுந்தான் வந்துது. அதனால டூட்டிக்கு வாறதுக்கு முன்ன வீட்டுக்குப் போய், மொகத்தப் பாத்துட்டுதான் ஒங்களக் கூப்பிடுகேன்.”

பிள்ளை எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சரிம்மா, நல்லது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அழுதேன்.